வீதிக்கு வந்தவர்கள் மீது விழும் பழி

நகரத் தெருக்களில் இரண்டிரண்டு பேராக நடந்து, வீட்டுக் கதவுகளைத் தட்டி, மலிவு விடுதிகளிலும் மருத்துவமனை வார்டுகளிலும் முன்பின் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து இறைவனைப் பற்றிப் பேசுகிற கத்தோலிக்க இளைஞர்களைப் பற்றிப் படித்தவர்கள் மத்தியில் ஒரு கருத்து ஏறக்குறையத் தீர்ப்பாகவே நிலைத்துவிட்டது. அவர்கள் திருச்சபை அதிகாரத்தின் ஏவலாட்கள். அவர்கள் நீட்டும் உதவி தூண்டில் புழு. உலகம் தெரியாத பிள்ளைகள், பயிற்சி பெற்றவர்கள் செய்யவேண்டிய வேலையில் கைவைத்துக் கெடுக்கிறார்கள். சான்று கேட்டால் அயர்லாந்தைக் காட்டுகிறார்கள். பெண்களை மதிலுக்குள் வைத்து ஊதியமின்றித் துணி துவைக்க வைத்த மக்தலேனா சலவைக்கூடங்களைப் பார், மணமாகாத தாய்மார் பிள்ளை பெற அனுப்பப்பட்ட தாய்சேய் இல்லங்களைப் பார், மதம் ஏழையின் வாழ்க்கைக்குள் நுழைந்தால் முடிவு அதுதான் என்கிறார்கள்.

அயர்லாந்தையே பார்ப்போம். வேறு ஊரைக் காட்டித் தப்பிக்க நான் விரும்பவில்லை. எதிர்த்தரப்பு தன் வலுவான சான்று எங்கே இருக்கிறது என்று நம்புகிறதோ அங்கேயே, டப்ளின் நகரத்திலேயே, அந்தக் கருத்து உடைகிறது.

நடந்த கொடுமையை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். 1922இல் சுதந்திர அரசு அமைந்ததற்குப் பின் மட்டும் சுமார் 10,000 பெண்கள் மக்தலேனா சலவைக்கூடங்களுக்குள் போனார்கள் என்று 2013இல் வெளிவந்த அரசு அறிக்கை சொல்கிறது. கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல். தாய்சேய் இல்லங்களை ஆராய்ந்த ஆணையத்தின் இறுதி அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது. 18 நிறுவனங்கள், சுமார் 56,000 தாய்மார், 57,000 குழந்தைகள்; அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்துபோனார்கள். துவாம் ஊரில் அருள்சகோதரிகள் நடத்திய ஒரே இல்லத்தில் 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளை உள்ளூர் வரலாற்றாய்வாளர் காத்தரின் கார்லெஸ் தேடி எடுத்தார். அந்தப் பிள்ளைகளை எங்கே புதைத்தார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. கத்தோலிக்கராகப் பிறந்த யாரும் இந்த எண்களைக் குறைத்துப் பேசத் துணியக்கூடாது. நான் குறைக்கப்போவதும் இல்லை.

ஆனால் இந்த இடங்களின் அமைப்பைக் கவனியுங்கள். பெரும்பாலானவற்றுக்கு மதில் இருந்தது. வாயிலைத் தாண்டி வெளியே போவது உள்ளே இருந்தவளின் விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லை. நடத்தியவர்கள் பெரும்பாலும் துறவற சபையினர். தாய்சேய் இல்லங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று உள்ளாட்சி பணம் கட்டியது. அனுப்பிவைத்தவர்கள் பெற்ற தகப்பன்மார், அண்ணன்மார், பங்குத்தந்தையர், நீதிமன்றங்கள், அரசு அதிகாரிகள். மதில் வைத்த இந்த நிறுவனங்களில் எதுவும் தெருவுக்கு வந்து யாரையும் தேடவில்லை. தெருவும் குடும்பமும் யாரைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்த விரும்பினவோ, அவர்களை உள்ளே வாங்கிக்கொண்டன. அயர்லாந்தின் குற்றம் மறைத்து வைத்த குற்றம். தெருவில் இறங்கி முகம் பார்த்துப் பேசியவர்களின் தலையில் அதைச் சுமத்துவது வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பது.

ஏனென்றால் தெருவில் இறங்கியவர்களும் அதே ஊரில், அதே ஆண்டுகளில் இருந்தார்கள். 1921 செப்டம்பர் 7ஆம் நாள் மாலை, டப்ளினின் பிரான்சிஸ் தெருவில் உள்ள மைரா இல்லத்தில் சுமார் பதினைந்து பெண்கள் ஒரு மாதா சுரூபத்தைச் சுற்றி மண்டியிட்டுச் செபமாலை சொன்னார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், பகலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களோடு டோஹர் என்ற குருவானவரும், நில ஆணையத்தில் எழுத்தராகச் சேர்ந்து அரசுப் பணியில் இருந்த 32 வயது ஃபிராங்க் டஃபும் இருந்தார்கள். ஏழைகளுக்கான சௌத் டப்ளின் யூனியன் மருத்துவமனையில் கேட்பாரற்றுக் கிடந்த பெண் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். இரண்டிரண்டு பேராகப் போவது, அடுத்த வாரம் கூடி என்ன செய்தோம் என்று சொல்வது. அவ்வளவுதான் திட்டம். நம் பங்குகளில் மரியாயின் சேனை என்று நாம் அறிந்திருக்கும் இயக்கம் அந்த மாலைக் கூட்டத்தில்தான் தொடங்கியது.

ஓராண்டுக்குள் அந்தப் பெண்கள் இன்னும் கடினமான இடத்துக்குப் போனார்கள். துறைமுகமும் படைவீரர் குடியிருப்புகளும் இருந்த டப்ளினில் மாண்டோ என்று அழைக்கப்பட்ட பகுதி, ஐரோப்பாவின் பெரிய விலைமாதர் வட்டாரங்களில் ஒன்றாகப் பேர் வாங்கியிருந்தது. நகரத்தின் வேறு தெருக்களில் இருந்த விடுதிகளிலும் உடலை விற்றுப் பிழைத்த பெண்கள் தங்கியிருந்தார்கள். 1922 கோடையில், உள்நாட்டுப் போர் மூண்டிருந்த வேளையில், அப்படிப்பட்ட விடுதிகளின் படியேறி அங்கிருந்த பெண்களைத் தியானத்துக்கு அழைத்தார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். தியானம் முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போக இடம் வேண்டுமே? அன்று அமைச்சராயிருந்த காஸ்கிரேவிடம் போய்க் கேட்டு, ஹார்கோர்ட் தெருவில் ஒரு வீடு வாங்கினார்கள். சாங்க்தா மரியா விடுதி அப்படிப் பிறந்தது. இளம்பெண்கள் அங்கே அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். பிறகு மாண்டோவுக்குள்ளேயே போய், வாசல் வாசலாக நின்று பேசினார்கள். 1925 மார்ச் 12ஆம் நாள் இரவு காவல்துறை அந்த வட்டாரத்தைச் சுற்றி வளைத்தபோது அதன் கதை முடிந்தது. தொழில் வேறு தெருக்களுக்கு நகர்ந்தது என்பதும் உண்மைதான். நான் அந்தக் காவல் சோதனையை வெற்றியாகக் கொண்டாட வரவில்லை. அதற்கு முன்னரே, அந்தப் பெண்களைத் தேடி யார் போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

மாண்டோவின் அருகிலேயே, பிற்காலத்தில் ஷான் மெக்டெர்மட் தெரு என்று பெயர் மாறிய க்ளஸ்டர் தெருவில், ஒரு மக்தலேனா சலவைக்கூடம் இருந்தது. 1996இல் கடைசியாக மூடப்பட்டதும் அதுவே. ஒரே நகரம், ஒரே மதம், ஒரே வகைப் பெண். அவளைப் பார்த்த இரண்டு பார்வைகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஒன்று அவளை மதிலுக்குள் வைத்து ஊதியமின்றித் துணி துவைக்க வைத்தது. மற்றொன்று அவளுடைய வாசலுக்குப் போய் நின்று, வருகிறாயா என்று கேட்டது. அவள் வரமாட்டேன் என்று சொன்னால் அடுத்த வாரமும் போனது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பெண்ணைப் பற்றி அக்கறை இருப்பதாக நான் நம்பவில்லை.

அதே சேனையினர் நடத்திய ரெஜினா சேலி விடுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வழக்கின் மையம் அங்கேதான் இருக்கிறது. 1930 அக்டோபரில், நார்த் பிரன்ஸ்விக் தெருவில் பாழடைந்து கிடந்த பழைய ஏழையர் விடுதிக் கட்டடம் ஒன்றில் சேனையினர் வீடற்ற பெண்களுக்காக இந்த விடுதியைத் திறந்தார்கள். ஆண்களுக்கான மார்னிங் ஸ்டார் விடுதி 1927 முதலே பக்கத்தில் நடந்துவந்தது. மணமாகாத தாய்மாரும் ரெஜினா சேலியின் வாசலுக்கு வந்தார்கள். அன்றைய அயர்லாந்தில் அவர்களுக்கு விதிக்கப்பட்ட பாதை ஒன்றுதான்: மதிலுக்குள் பிள்ளையைப் பெறுவது, பிள்ளையைப் பறிகொடுப்பது, வாய்மூடி இருப்பது. அந்தப் பிள்ளைகள் வளர்ப்புக்கும் தொழிற்பள்ளிகளுக்கும், பின்னாளில் கப்பலேறியும் விமானமேறியும் அமெரிக்கத் தம்பதிகளுக்கும் போனார்கள். ரெஜினா சேலியில் தாய் தன் பிள்ளையைத் தானே வைத்துக்கொள்ளலாம். பகலில் அவள் வேலைக்குப் போவாள். விடுதியில் இருக்கும் இன்னொருத்தி அவள் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். மாலையில் தாய் வந்து தூக்கிக்கொள்வாள். கதவு பூட்டப்படவில்லை. போக வேண்டும் என்று நினைத்த நாளில் போகலாம்.

இன்று வாசிக்கும்போது சாதாரண ஏற்பாடாகத் தோன்றும். அயர்லாந்து அரசு மணமாகாத தாய்மாருக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது 1973இல். அரசு 43 ஆண்டுகள் கழித்து ஏற்றுக்கொண்ட ஒரு நீதியை, பயிற்சிச் சான்றிதழ் எதுவும் இல்லாத தொண்டர்கள் 1930இலேயே ஒரு பாழடைந்த கட்டடத்தில் நடத்திக் காட்டினார்கள். அவமானம் என்று ஊரே சொன்னதை அவர்கள் அவமானமாகக் கருதவில்லை. அதற்கு அவர்களுக்குத் துணிவு தந்தது அவர்களுடைய விசுவாசமே. விசுவாசத்தைக் கழித்துவிட்டு அந்தத் துணிவை மட்டும் பாராட்டுகிறவர்களின் நேர்மை எனக்கு விளங்கவில்லை.

ரெஜினா சேலியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021 அறிக்கை ஆராய்ந்த 18 நிறுவனங்களில் அதுவும் ஒன்று. தாயும் பிள்ளையும் சேர்ந்து வாழ அங்கே உதவி கிடைத்ததைப் பதிவு செய்த அதே அறிக்கை, தொடக்க காலங்களில் அங்கே குழந்தை இறப்பு அதிகமாயிருந்ததையும், சுகாதாரம் மோசமாயிருந்ததையும், பயிற்சியற்றவர்கள் பராமரித்ததையும் கண்டித்தது. நியாயமான கண்டனம். அன்பு இருந்தால் கொதிக்கவைத்த பாலும் தொற்றுநோய்ப் பிரிவும் வேண்டாம் என்றாகிவிடாது. சலவைக்கூடங்கள் பற்றிய 2013 அறிக்கையில் இன்னும் கசப்பான ஒன்றும் இருக்கிறது: சில பெண்கள் மரியாயின் சேனை வழியாகவும் அந்தக் கூடங்களுக்குப் போயிருக்கிறார்கள். இதைச் சேனையினரே உரக்கச் சொல்ல வேண்டும். தெருவில் கண்டெடுத்த நட்பைக் கொண்டுபோய் மதிலுக்குள் ஒப்படைத்த ஒவ்வொரு தடவையும் அவர்கள் தங்கள் வேலைக்கே துரோகம் செய்தார்கள். ஆனால் அந்தத் துரோகத்தை நாம் துரோகம் என்று சொல்ல முடிவதே, அவர்கள் வகுத்துக்கொண்ட வழி வேறாக இருந்ததால்தான்.

பயிற்சி பெற்றவர்களிடம் விட்டிருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். துவாம் இல்லத்தை நடத்திய போன் செக்கூர் சபை நோயாளிகளைப் பராமரிப்பதற்கென்றே ஏற்பட்ட சபை. கார்க் நகரின் பெஸ்பரோ இல்லத்தில் 1943இல் பிறந்த அல்லது சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கு இறந்துபோயினர். அது அரசுப் பணத்தில், அரசு ஆய்வாளர்கள் வந்துபோக நடந்த இல்லம். பயிற்சியும் நிதியும் மேற்பார்வையும் இருந்த இடத்தில் குறைந்துபோனது அந்தத் தாயையும் பிள்ளையையும் மனிதர்களாகப் பார்க்கும் கண். பயிற்சி வேண்டும், கட்டாயம் வேண்டும். அந்தக் கண் இல்லாதவரிடம் கொடுத்த பயிற்சி என்ன செய்யும் என்பதையும் அயர்லாந்து காட்டிவிட்டது.

ஏவலாட்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். யாருடைய ஏவலாட்கள்? டப்ளின் பேராயர் எட்வர்ட் பைர்ன் இந்த இயக்கத்தைப் பல ஆண்டுகள் சந்தேகத்தோடே நடத்தினார். ஒப்புதல் தரத் தயங்கினார். பொதுநிலையினர், அதிலும் இளம்பெண்கள், விலைமாதர் விடுதிகளுக்குள் போவதா என்ற பதற்றம் குருக்கள் பலருக்கு இருந்தது. 1931இல் டஃப் உரோமைக்குப் போய்த் திருத்தந்தை பதினொன்றாம் பயஸைச் சந்தித்து ஆசி பெற்றதற்குப் பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அடுத்து வந்த பேராயர் மெக்வேட் காலத்தில் நிலைமை இன்னும் இறுகியது. 1941இல் புராட்டஸ்டன்ட் சகோதரர்களோடு சமமாக உட்கார்ந்து உரையாட மெர்சியர் கழகம், அடுத்த ஆண்டு யூதர்களோடு உரையாட இன்னொரு கழகம் என்று டஃபும் தோழர்களும் தொடங்கினார்கள். 1942 என்ற ஆண்டில் ஐரோப்பாவில் யூதர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு இதை வாசிக்க வேண்டும். பேராயரின் தலையீட்டில் இரண்டு கழகங்களும் முடக்கப்பட்டன. அதிகாரத்தின் ஏவலில் நடந்தவர்களை அந்த அதிகாரமே முடக்க வேண்டிய தேவை என்ன? 1965இல் டஃப் வத்திக்கான் சங்கத்துக்குப் பொதுநிலைப் பார்வையாளராக அழைக்கப்பட்டு, கூடியிருந்த ஆயர்கள் அவரைக் கைதட்டி வரவேற்றபோது, இயக்கம் தொடங்கி 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. திருச்சபை அதிகாரம் இவர்களை அனுப்பவில்லை. இவர்கள் போன இடத்துக்கு அது பின்னால் வந்து சேர்ந்தது.

உதவி என்ற பெயரில் ஆள்பிடிக்கிறார்கள் என்பது எல்லாவற்றிலும் பழைய குற்றச்சாட்டு. கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறியவர்கள் என்ற ஏச்சு நம் ஊர்த் தெருக்களிலும் கேட்டுப் பழகியதுதான். அயர்லாந்துக்காரருக்கு இந்தப் புண் இன்னும் ஆழம். 1840களின் பெரும்பஞ்சத்தில் சில புராட்டஸ்டன்ட் மறைபரப்பாளர்கள் கஞ்சி ஊற்றி மதம் மாற்றினார்கள் என்ற நினைவும், கஞ்சி குடித்தவன் என்ற வசையும் தலைமுறைகள் தாண்டி நின்றன. டஃப் 1913இல் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தபோது டப்ளினில் அத்தகைய கஞ்சித்தொட்டிகள் இன்னும் இருந்தன. பசித்தவன் தன் கோவிலைக் கைவிட்டால் அவனுக்குச் சோறு. டஃபும் ஜோ கேபெட் என்ற ஓய்வுபெற்ற படைவீரரும் அவற்றுக்கு எதிராக நின்று, போட்டியாகக் கத்தோலிக்கக் கஞ்சித்தொட்டிகளையே நடத்தினார்கள். அந்தச் சண்டையில் டஃப் ஒன்றைக் கற்றுக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன். கையில் சோற்றோடு போகிறவன் பேசும் இறைவார்த்தையை, கேட்பவன் சுதந்திரமாக மறுக்க முடியாது.

ஆகவேதான் மரியாயின் சேனையின் கைநூல் ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்திருக்கிறது: சந்திக்கப் போகும் இடத்தில் பொருளுதவி செய்யக் கூடாது. பணம் கொடுக்கக் கூடாது, சின்ன அளவிலும் கூடாது. தேவையுள்ளவரை அதற்கென்று இருக்கும் சபைகளிடம் வழிகாட்டி விடலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில் நோயில் கிடக்கும் பெண்ணின் கதவை இரண்டு இளம்பெண்கள் தட்டுகிறார்கள். அவர்களிடம் கொடுக்க எதுவும் இல்லை. அவள் கதவைச் சாத்தினால் அவளுக்கு எந்த நட்டமும் இல்லை. அந்த மாதத்து அரிசி போய்விடாது. அவள் அவர்களை உள்ளே விட்டால், அவர்கள் முகத்துக்காக மட்டும்தான் விடுகிறாள். ஆள்பிடிக்கும் கூட்டம் இப்படி ஒரு விதியைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ளுமா? விடுதிகள் பொருளுதவி இல்லையா என்று கேட்கலாம். அங்கேயும் தங்குகிறவர் தன்னால் இயன்ற சிறு தொகையைக் கட்டினார். ஊதியமில்லாத தொண்டர்கள் அவர்களோடேயே தங்கிக் கவனித்துக்கொண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சமய சுதந்திரம் பற்றிப் பேசும்போது, ஏழைகளிடமும் கல்லாதவரிடமும் வற்புறுத்தலின் நிழல்கூட விழக்கூடாது என்று எச்சரித்தது. டப்ளினின் எழுத்தர்களும் தட்டச்சுப் பெண்களும் அதை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையாக்கியிருந்தார்கள்.

இன்னொன்றையும் எதிர்த்தரப்பு கவனிப்பதில்லை. மாண்டோவிலும் யூனியன் மருத்துவமனையிலும் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். அங்கே மதம் மாற்ற எவரும் இல்லை. அப்படியானால் எதற்காக இறைவனைப் பற்றிப் பேசினார்கள், உதவியை மட்டும் செய்துவிட்டு வரக்கூடாதா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் பெருந்தன்மை இருப்பதுபோலத் தெரிகிறது. எனக்கு அதில் ஏழையைப் பற்றிய ஒரு தாழ்வான எண்ணம்தான் தெரிகிறது. அவளுக்குச் சோறும் படுக்கையும் போதும். ஆன்மா, மன்னிப்பு, வாழ்வின் பொருள், புனிதம் எல்லாம் நமக்குத்தான் என்ற எண்ணம். 1922இல் அந்த இளம்பெண்கள் விலைமாதர் விடுதிக்குக் கொண்டுபோன முதல் அழைப்பு ஒரு தியானத்துக்கான அழைப்பு. மடத்துச் சகோதரிகளும் பணக்கார வீட்டுப் பெண்களும் செய்கிற அதே தியானம். நீயும் புனிதையாகலாம் என்று அவளிடம் சொன்னவர் அதற்கு முன் யார்? நகரம் அவளைக் குப்பையாக ஒதுக்கியது. சீர்திருத்தவாதிகள் அவளைச் சிக்கலாகப் பார்த்தார்கள். படைவீரன் அவளை விலைக்கு வாங்கினான். அந்த வாசலில் அவளைத் தங்களுக்குச் சமமாக வைத்துப் பேசியவர்கள் செபமாலையோடு வந்தவர்கள்தான்.

அனுபவமில்லாத பிள்ளைகள் என்ற வாதத்துக்கு எடல் க்வின் ஒருத்தி போதும். 1907இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். டப்ளினில் ஓடு விற்கும் நிறுவனத்தில் செயலாளர் வேலை. இருபதுகளின் தொடக்கத்திலேயே, தெருப்பெண்களைச் சந்திக்கும் சேனைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். முதலில் அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கே இந்தச் சின்னப் பெண்ணா என்ற தயக்கம். ஏழைக் கிளாரா மடத்தில் சேரவிருந்த வேளையில் காசநோய் கண்டது. 1932 முதல் ஒன்றரை ஆண்டு மருத்துவமனை வாசம். 1936 அக்டோபரில், அந்த உடலோடு, சேனையின் பணிக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். கென்யா, உகாண்டா, டாங்கனிக்கா, நியாசலாந்து, மொரீஷியஸ் என்று எட்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக அலைந்து, 1944 மே 12ஆம் நாள் நைரோபியில் 36 வயதில் இறந்தார். 1994இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. அனுபவம் முதலில் வந்து, வேலை பிறகு வருவதில்லை. தெரு அவர்களுக்கு அனுபவத்தைக் கொடுத்தது. அதற்கு அவர்கள் இளமையையும் சில வேளை உயிரையும் விலையாகக் கொடுத்தார்கள்.

தெருப்பணி காயத்துக்குக் கட்டுப் போடுமே தவிர, காயத்தின் காரணத்தைத் தொடாது என்பாரும் உண்டு. அவர்களுக்கு உரோமையைக் காட்டுகிறேன். 1968இல் ஆண்ட்ரேயா ரிக்கார்டி என்ற உயர்நிலைப்பள்ளி மாணவரும் அவருடைய நண்பர்களும் நற்செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு நகரத்தின் புறக்குடிசைகளுக்குப் போய், அங்கிருந்த பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்தினார்கள். பிறகு திராஸ்தேவரே பகுதியில் ஒரு பழைய மடத்தில் குடியேறி, சான் எஜிதியோ சமூகம் என்று பெயர் பெற்றார்கள். 16 ஆண்டுகள் மொசாம்பிக் நாட்டைத் தின்ற உள்நாட்டுப் போரை முடித்த ஒப்பந்தம் 1992 அக்டோபர் 4ஆம் நாள் உரோமையில் கையெழுத்தானது; அதற்கான பேச்சுவார்த்தை நடந்தது இவர்களுடைய அந்த மடத்தில்தான். குடிசைப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பொறுமையில் பழகியவர்கள், துப்பாக்கி ஏந்திய இரு தரப்பையும் ஈராண்டுக்கு மேல் மேசையில் உட்காரவைத்தார்கள்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. திருச்சபைக்கு உள்ளேயும், நம் பங்குகளிலும், அதே கருத்து வேறு உடையில் இருக்கிறது. மறைப்பணி என்றால் சாமியாருக்கும் சிஸ்டருக்கும் உரியது. இளையோர் என்றால் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டவும், திருவிழாவில் தேர் இழுக்கவும், பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கவும். மரியாயின் சேனை வயதான அம்மாக்களின் சங்கமாகிவிட்டது; வாரக் கூட்டம் நடக்கிறது, செபம் நடக்கிறது, பணி அறிக்கையில் ‘நோயாளி சந்திப்பு: ஒன்று’ என்று எழுதப்படுகிறது. அந்த அம்மாக்களை நான் வணங்குகிறேன். பல ஊர்களில் சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் அவர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம், உனக்கு வயது போதாது, படிப்பை முடி, பிறகு பார்க்கலாம் என்று சொல்கிற பங்கு, எடல் க்வினையும் அப்படித்தான் திருப்பி அனுப்பியிருக்கும். ஒரு வாரம் வந்து, ஏழையோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு, முகநூலில் போட்டுவிட்டுப் போகிற இளைஞர் முகாம்களின் மேல் எனக்கும் கோபம் உண்டு. அந்த முகாம்களுக்கு மாற்று, பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருப்பது ஆகாது. அடுத்த வாரமும் அதே வார்டுக்கு அனுப்புவதுதான்.

கடைசியாக ஒரு வாதம் மிஞ்சும்: டஃபும் க்வினும் அபூர்வப் பிறவிகள், விதிவிலக்கை வைத்து வழக்குப் பேசாதே. இதுவே எல்லாவற்றிலும் கனமான வாதம் என்பதால் அதை ஒதுக்க மாட்டேன். டஃபின் பெருமை எங்கே இருந்தது என்று பாருங்கள். அவர் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்த மனிதர். 1934 வரை அந்த வேலையிலேயே இருந்தார். அவர் உண்டாக்கிய முறையும் அலுவலக முறைதான். வாரம் ஒரு கூட்டம், கூட்டக் குறிப்பு, வாரத்துக்கு இரண்டு மணி நேர வேலை, தனியாகப் போகாதே, போனதைச் சொல், சொன்னதை வெளியே பேசாதே. அபூர்வப் பிறவிகளுக்கு இந்த விதிகள் தேவையில்லை. பயப்படுகிற, கூச்சப்படுகிற, இந்த வாரம் போகாமல் இருந்துவிடலாமா என்று நினைக்கிற சாதாரணப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட விதிகள் அவை. சாங்க்தா மரியாவிலும் ரெஜினா சேலியிலும் ஆண்டாண்டாகத் தங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தாய் வேலைக்குப் போன நேரத்தில் அவள் பிள்ளை பசியாறியது அவர்களால்தான். அயர்லாந்தின் பழிக்கணக்கை எழுதுகிறவர்கள் மதிலுக்குப் பின்னால் நின்றவர்களின் பெயர்களை எழுதட்டும், ஒன்றையும் விடாமல் எழுதட்டும். ஹார்கோர்ட் தெருவிலும் நார்த் பிரன்ஸ்விக் தெருவிலும் கதவைத் திறந்து வைத்திருந்தவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்க அவர்களுக்கு உரிமை இல்லை.